மீன் எண்ணெய்க் குளிசைகளும் விளையாட்டு வீரர்களின் களைப்பும்

பாடசாலைகளில் இல்ல மெய்வல்லுநர் போட்டிகளுக்கான பயிற்சிகள் தொடங்கிவிட்டால் மருந்தகங்களில் ஒரு புதிய வகை வாடிக்கையாளர்களைக் காண முடிகின்றது. நோயில்லாத பிள்ளைக்கு மருந்து தேடி வரும் பெற்றோர் அவர்கள். ‘பிள்ளை ஓடிக் களைத்துப் போகிறான், ஏதாவது சத்துக் குளிசை தாருங்கள்’ என்பதே அவர்களின் வேண்டுகோளாக இருக்கின்றது. அவர்களுக்குக் காட்டப்படும் புட்டிகளில் மஞ்சள் நிற மீன் எண்ணெய்க் குளிசைகள் முன்வரிசையில் நிற்கின்றன. அவற்றுக்குப் பக்கத்தில் இன்று மீன் கொலாஜன் தூள், மீன் புரதத் தூள், சுறா ஈரல் எண்ணெய் எனப் பல புதிய பண்டங்களும் இடம்பிடித்துள்ளன. ஒரு புட்டியின் விலை சாதாரணக் குடும்பமொன்றின் பல நாட்களுக்கான கறிச்செலவை விழுங்கிவிடக் கூடியது. எனவே இப்பண்டங்கள் உண்மையில் எதைச் செய்கின்றன, எதைச் செய்வதில்லை என்பதை அறிந்துகொள்வது அவசியமாகின்றது. மருத்துவ, போசணை விஞ்ஞானம் இதுவரை கண்டறிந்தவற்றை இங்கு தொகுத்துத் தர விரும்புகின்றோம்.

பழைய ஈரல் எண்ணெய்

மீனிலிருந்து பெறப்பட்ட சத்துப் பொருட்களுள் மிகப் பழையது கொட் மீனின் ஈரல் எண்ணெய் ஆகும். வட அத்திலாந்திக் கரையோர மீனவர்கள் மூட்டு வலிக்கும் பலவீனத்துக்கும் இதனைப் பயன்படுத்தி வந்தனர். 1850களில் நோர்வேயைச் சேர்ந்த பீற்றர் மொல்லர் என்பவர் ஈரலை நீராவியால் சூடாக்கி, நாற்றம் குறைந்த தெளிந்த எண்ணெயைப் பெறும் முறையை உருவாக்கினார். இந்த எண்ணெயில் விற்றமின் ஏ, விற்றமின் டி ஆகிய இரண்டும் செறிந்திருப்பது 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தெரியவந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானிய அரசாங்கம் தன் நாட்டுச் சிறுவர்களுக்கு இதனை வழங்கியது. எமது வீடுகளிலும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு கரண்டி மீன் எண்ணெய் குடித்த தலைமுறை இன்னமும் இருக்கின்றது.

ஆனால் இன்று ‘ஒமேகா 3’ என்ற பெயரில் விற்கப்படுவது பெரும்பாலும் ஈரல் எண்ணெய் அன்று. அது நெத்தலி, சாளை போன்ற சிறு மீன்களின் உடற்கொழுப்பிலிருந்து எடுக்கப்படுவது. தென் அமெரிக்காவின் பெரு நாட்டுக் கடலில் பிடிபடும் ஒருவகை நெத்தலியே உலக மீன் எண்ணெய்த் தொழிலின் பிரதான மூலப்பொருளாகும். 1970களில் டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் ஓலாஃப் பாங், யோர்ன் டையர்பேர்க் ஆகிய மருத்துவர்கள் கிரீன்லாந்தின் இனுவிட் மக்களை ஆராய்ந்தனர். பெருமளவு கொழுப்பை உண்ணும் அம்மக்களின் இரத்தக் கொழுப்பு வேறு விதமாக அமைந்திருப்பதை அவர்கள் எடுத்துக்காட்டிய பின்னரே ஈ.பி.ஏ., டி.எச்.ஏ. என்னும் இரு கொழுப்பமிலங்கள் மீது உலகின் கவனம் திரும்பியது. அந்த ஆர்வம் முதலில் இதயநோயைப் பற்றியதாகவே இருந்தது. விளையாட்டு மைதானத்துக்கு அது வந்து சேர்ந்தது பின்னரே.

ஈரல் எண்ணெய்க்கும் மீன் எண்ணெய்க்கும் உள்ள இந்த வேறுபாட்டை வாசகர்கள் மனதில் இருத்திக்கொள்ள வேண்டும். காரணத்தைப் பின்னர் கூறுவோம்.

களைப்பு என்பது என்ன?

களைப்பு ஒரே காரணத்தால் வருவதன்று. 400 மீற்றர் ஓடுபவனின் கால்கள் இறுதி வளைவில் கனப்பதற்குக் காரணம், தசையில் ஐதரசன் அயன்கள் பெருகி அமிலத்தன்மை கூடுவதும் அதனோடு சேர்ந்த வேறு மாற்றங்களுமாகும். நெடுந்தூரம் ஓடுபவர் தளர்வதற்குப் பெரும்பாலும் தசையிலும் ஈரலிலும் சேமித்து வைக்கப்பட்ட கிளைக்கோஜன் என்னும் மாச்சத்து தீர்ந்துபோவதே காரணம். பயிற்சிக்கு மறுநாளும் அதற்கடுத்த நாளும் உண்டாகும் தசைநோவு, தசைநார்களில் ஏற்பட்ட நுண்ணிய சேதத்தினாலும் அதனைத் தொடர்ந்த அழற்சியினாலும் வருவது. இவற்றைவிட நித்திரைக் குறைவு, நீரிழப்பு, இரும்புச்சத்துக் குறைபாடு ஆகியவையும் களைப்பாகவே தோன்றும். பருவமடைந்த மாணவிகளின் நீடித்த களைப்புக்கு இரும்புச்சத்துக் குறைவு காரணமாக இருப்பது அபூர்வமன்று. அதற்கு மீன் எண்ணெய் மருந்தாகாது. இரத்தப் பரிசோதனையே முதற் படியாகும்.

எனவே ‘களைப்பைப் போக்கும்’ என்று ஒரு புட்டியில் எழுதப்பட்டிருந்தால், எந்தக் களைப்பை என்று கேட்பதே அறிவுடைமை.

மீன் எண்ணெய்: கண்டதும் காணாததும்

ஈ.பி.ஏ., டி.எச்.ஏ. ஆகியவை உடற்கலங்களின் மென்சவ்வுகளில் சென்று படிகின்றன. அழற்சியைத் தூண்டும் சில இரசாயனங்களின் உற்பத்தியை அவை தணிக்கின்றன. இதனால் பயிற்சிக்குப் பிந்திய தசைநோவு குறையலாம் என்ற எதிர்பார்ப்பு எழுந்தது. பல ஆய்வுகள் நடத்தப்பட்டன. சிலவற்றில் நோவு ஓரளவு குறைந்தது, வேறு சிலவற்றில் எவ்வித வேறுபாடும் காணப்படவில்லை. பயன் கண்ட ஆய்வுகளிலும் அது சிறிய அளவினதாகவே இருந்தது. ஒருசில நாட்களில் அப்பயன் கிட்டுவதுமில்லை. பல வாரங்கள் தொடர்ந்து உட்கொண்டாலன்றி இக்கொழுப்பமிலங்கள் தசையில் போதியளவு சேர்வதில்லை.

2008ஆம் ஆண்டு அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் பயிற்சி பெற்ற சைக்கிளோட்ட வீரர்களுக்கு மீன் எண்ணெய் கொடுத்துப் பார்த்தனர். பயிற்சியின்போது அவர்களின் இதயத்துடிப்பும் ஒட்சிசன் தேவையும் குறைந்தன. ஆயினும் அவர்கள் களைத்து வீழும் நேரம் பின்தள்ளப்படவில்லை. இதயம் சிக்கனமாக வேலை செய்தது, போட்டியின் பெறுபேறு மாறவில்லை என்பதே இதன் பொருள். 2003ஆம் ஆண்டு அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழக ஆய்வொன்றில், உடற்பயிற்சியால் மூச்சுக்குழல் சுருங்கும் சிறந்த வீரர்களுக்கு மூன்று வாரங்கள் மீன் எண்ணெய் கொடுக்கப்பட்டபோது அச்சுருக்கம் கணிசமாகக் குறைந்தது. ஆய்வு சிறியதாயினும் இழுப்பு உள்ள வீரர்களுக்கு நம்பிக்கை தருவது. ஆனால் வைத்தியர் கொடுத்த இன்ஹேலரைக் கைவிடுவதற்கு இது அனுமதிப் பத்திரமாகாது.

முதியவர்களிடத்தும், காயத்தினால் காலை அசைக்க முடியாதிருப்பவர்களிடத்தும் தசை தேய்வதை மீன் எண்ணெய் ஓரளவு தடுக்கக்கூடும் என்று வேறு சில ஆய்வுகள் காட்டுகின்றன. நன்கு உண்டு நன்கு பயிலும் இளம் வீரனின் வேகத்தையோ பலத்தையோ அது கூட்டுகின்றது என்பதற்கு உறுதியான சான்று இல்லை.

கொலாஜன், புரதத் தூள், சுறா எண்ணெய்

மீனின் தோல், செதில், முள் ஆகியவற்றை நொதியங்களால் சிதைத்துப் பெறப்படுவதே மீன் கொலாஜன். மாட்டிலிருந்தும் பன்றியிலிருந்தும் பெறப்படும் கொலாஜனை மத நம்பிக்கை காரணமாகத் தவிர்ப்போர் இதனை நாடுகின்றனர். கொலாஜன் முழுமையான புரதம் அன்று. திரிப்தோபன் என்னும் அத்தியாவசிய அமினோ அமிலம் அதில் இல்லை. ஆகவே தசை வளர்ப்பதற்கு இது முட்டைக்கோ மீன் சதைக்கோ ஈடாகாது. தசைநாண்களுக்கும் மூட்டுகளுக்கும் உதவக்கூடும் என்பதே இதன் மீதுள்ள எதிர்பார்ப்பு. 2017ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில் எட்டு ஆண்களுக்கு விற்றமின் சி சேர்த்து 15 கிராம் ஜெலற்றின் கொடுத்து, ஒரு மணி நேரத்தின் பின் கயிறு பாய வைத்தபோது கொலாஜன் உற்பத்தியைக் காட்டும் இரத்தக் குறியீடு இருமடங்கானது. அது மீன் கொலாஜனைப் பற்றிய ஆய்வன்று. எட்டுப் பேரின் பெறுபேற்றை எண்பது இலட்சம் பேருக்கு விளம்பரமாக்குவதும் நியாயமன்று.

மீன் புரதத் தூள் என்பது மீன் சதையை நொதியங்களால் ஓரளவு சமிக்கச் செய்து உலர்த்தியது. தரமான புரதமே. எனினும் சட்டியிலுள்ள மீனிலிருந்து கிடைக்காத எதையும் அது தருவதில்லை.

சுறா ஈரல் எண்ணெயில் ஸ்குவாலின் என்னும் பொருள் உண்டு. 1906ஆம் ஆண்டில் ஜப்பானிய இரசாயனவியலாளர் மிட்சுமாரு சுஜிமோட்டோ இதனைக் கண்டறிந்தார். களைப்பைப் போக்கும், உடலுக்கு ஒட்சிசனை ஊட்டும் என்றெல்லாம் இதனை விற்கின்றனர். விளையாட்டு வீரர்களிடத்தில் இதற்கு நம்பத்தக்க ஆதாரம் காட்டப்படவில்லை. மெதுவாக இனம்பெருக்கும் சுறாக்கள் அருகி வருகின்றன என்பதையும் இங்கு நினைவூட்ட வேண்டும். எமது நாட்டில் கசாப்புச் சுறா பிடிப்பது 2012ஆம் ஆண்டு தடைசெய்யப்பட்டது.

சூரை மீனின் இரகசியம்

இவற்றுள் விஞ்ஞான ரீதியாக மிகச் சுவையானது சூரை மீன் சாற்றின் கதையாகும். சூரையும் கெலவல்லாவும் ஓய்வின்றிச் சமுத்திரங்களைக் கடந்து நீந்துபவை. அவற்றின் தசைகளில் அன்சரின் என்னும் பொருள் செறிந்திருக்கின்றது. 1929ஆம் ஆண்டில் வாத்தினத்தின் தசையில் முதலில் கண்டறியப்பட்டதால், அப்பறவையின் இலத்தீன் பெயரே இதற்கு இடப்பட்டது. மனிதத் தசையில் இதன் உடன்பிறப்பான கார்னோசின் இருக்கின்றது. அது 1900ஆம் ஆண்டில் ரஷ்ய விஞ்ஞானி குலேவிச்சினால் இறைச்சிச் சாற்றில் கண்டறியப்பட்டது. கடும் உழைப்பின்போது தசையில் பெருகும் அமிலத்தன்மையைத் தாங்கிக்கொள்வது இவ்விரண்டினதும் பணிகளில் ஒன்று. ஓயாமல் நீந்தும் மீனின் ஆற்றலை மனிதனுக்கு வழங்கலாம் என்ற எண்ணத்தில் ஜப்பானில் சூரை, சால்மன் மீன்களின் சாற்றிலிருந்து அன்சரின் குளிசைகள் தயாரிக்கப்படுகின்றன.

எண்ணம் அழகியது. ஆனால் உண்ட அன்சரின் அப்படியே தசைக்குள் போய் அமர்வதில்லை. உடல் அதனைச் சிதைத்துவிடுகின்றது. அச்சிதைவில் கிடைக்கும் பீற்றா அலனின் என்னும் அமினோ அமிலத்தைக் கொண்டே எமது தசை தனக்கு வேண்டிய கார்னோசினைத் தானே ஆக்கிக்கொள்கின்றது. சர்வதேச ஒலிம்பிக் குழு 2018ஆம் ஆண்டு வெளியிட்ட நிபுணர் அறிக்கையில், போட்டித் திறனை நேரடியாக உயர்த்துவதற்கு நல்ல சான்று உள்ளவையாக ஐந்து பொருட்களே குறிப்பிடப்பட்டன. கஃபீன், கிரியற்றின், நைத்திரேற்று, பீற்றா அலனின், சோடியம் இருகாபனேற்று என்பவையே அவை. மீன் எண்ணெயும் அன்சரினும் கொலாஜனும் அந்த ஐந்தில் இல்லை. பீற்றா அலனினும்கூட நாளொன்றுக்கு சுமார் 4 முதல் 6 கிராம் வரை, குறைந்தது நான்கு வாரங்கள் கொடுக்கப்பட்ட ஆய்வுகளிலேயே பயன் தந்தது. அந்த ஆய்வுகளும் வளர்ந்த வீரர்களைப் பற்றியவை, பாடசாலைச் சிறுவர்களைப் பற்றியவை அல்ல. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2016ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையில், திறன் கூட்டும் பொருட்களைச் சிறுவர்கள் பயன்படுத்துவதை ஊக்குவிக்கலாகாது என்றே அறிவுறுத்தியது.

லேபிளில் உள்ள கணக்கு

‘1000 மில்லிகிராம்’ என்று புட்டியின் முகப்பில் பெரிய எழுத்தில் இருப்பது மொத்த எண்ணெயின் நிறை. அதனுள் இருக்கும் ஈ.பி.ஏ., டி.எச்.ஏ. ஆகியவற்றின் அளவு பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும். சாதாரண குளிசையொன்றில் முறையே 180, 120 மில்லிகிராம், அதாவது இரண்டும் சேர்ந்து 300 மில்லிகிராம் மட்டுமே உண்டு. விளையாட்டு வீரர்களிடம் நடத்தப்பட்ட பல ஆய்வுகளில் கொடுக்கப்பட்டதோ நாளொன்றுக்கு 2 கிராமும் அதற்கு மேலும். அந்த அளவை எட்டுவதற்கு ஆறு, ஏழு குளிசைகள் விழுங்க வேண்டும். நாளுக்கு ஒரு குளிசை கொடுத்துவிட்டுப் பிள்ளையின் ஓட்டத்தில் மாற்றம் தேடும் பெற்றோர், ஆய்வில் சோதிக்கப்படாத ஓர் அளவுக்கே பணம் செலவிடுகின்றனர்.

மறுபுறத்தில், தகரத்தில் அடைக்கப்பட்ட சாளை மீன் 100 கிராமில் இவ்விரு கொழுப்பமிலங்களும் சேர்ந்து சுமார் 1 கிராம் உண்டு. ஆரோக்கியமான வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 250 மில்லிகிராம் போதுமென்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபையின் நிலைப்பாடு. வாரத்தில் இரண்டு, மூன்று நாட்கள் கொழுப்புள்ள சிறுமீன் உண்ணும் வீட்டில் அந்தத் தேவை குளிசையின்றியே நிறைவேறிவிடுகின்றது. மீனோடு புரதமும், முள்ளோடு உண்ணும் சிறுமீனில் கல்சியமும் சேர்ந்தே கிடைக்கின்றன.

மீன் உண்ணாதோருக்கும் வழி உண்டு. மீன் இந்தக் கொழுப்பமிலங்களைத் தானாக உண்டாக்குவதில்லை. கடலின் நுண்பாசிகளிலிருந்தே பெறுகின்றது. அப்பாசியை வளர்த்து எடுக்கப்படும் எண்ணெயும் சந்தையில் இருக்கின்றது.

அபாயங்கள்

ஈரல் எண்ணெயை உடற்கொழுப்பு எண்ணெயிலிருந்து பிரித்தறிய வேண்டும் என்று மேலே கூறியதன் காரணம் இதுவே. ஈரல் எண்ணெயில் உள்ள விற்றமின் ஏ உடலில் தேங்கக் கூடியது. வளர்ந்தவர்களுக்கு நாளொன்றுக்கு 3000 மைக்ரோகிராமும், 14 முதல் 18 வயது வரையானோருக்கு 2800 மைக்ரோகிராமும் அதன் மேல் எல்லைகளாகக் கொள்ளப்படுகின்றன. ஈரல் எண்ணெயோடு பல்விற்றமின் குளிசையையும் சேர்த்துக் கொடுத்தால் இந்த எல்லையைக் கடப்பது கடினமன்று. கர்ப்பிணிகள் இதில் மிகுந்த எச்சரிக்கையுடன் இருக்க வேண்டும். மிகை விற்றமின் ஏ சிசுவைப் பாதிக்கும்.

ஒமேகா 3 மிகை அளவிலும் ஆபத்தற்றதன்று. வைத்தியர் பரிந்துரைக்கும் செறிந்த ஒமேகா 3 மருந்துகள் இதயத்துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கும் ஒருவகை நோய்க்கு வழிவகுக்கலாம் என்றும், நாளொன்றுக்கு 4 கிராம் அளவில் அந்த ஆபத்து மிக அதிகம் என்றும் ஐரோப்பிய மருந்து முகவரகம் 2023ஆம் ஆண்டில் எச்சரித்தது. இரத்தம் உறையாதிருக்க மருந்து எடுப்பவர்கள் வைத்தியரைக் கேளாமல் இதனைத் தொடங்கலாகாது. மேலும் மீன் எண்ணெய் விரைவில் பழுதடைவது. வெயிலில் வைக்கப்பட்ட புட்டியைத் திறந்ததும் கடும் சிக்கு நாற்றம் வீசினால் அதனை எறிந்துவிடுவதே நல்லது.

ஊக்கமருந்துப் பொறி

மீன் எண்ணெயோ கொலாஜனோ உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகவரகத்தின் தடைப்பட்டியலில் இல்லை. ஆனால் புட்டியில் எழுதப்பட்டது மட்டுந்தான் புட்டிக்குள் இருக்கின்றது என்பதற்கு உத்தரவாதம் எங்கே? ஜேர்மனியின் கொலோன் நகர ஆய்வுகூடம் 2000, 2001ஆம் ஆண்டுகளில் 13 நாடுகளிலிருந்து வாங்கப்பட்ட, ஹோர்மோன் அற்றவை எனக் கூறப்பட்ட 634 சத்துப் பண்டங்களைச் சோதித்தது. அவற்றில் 94இல், அதாவது ஏறத்தாழ நூற்றுக்கு 15இல், லேபிளில் குறிப்பிடப்படாத ஸ்டீரொயிட் பொருட்கள் கலந்திருந்தன. ஒரே இயந்திரத்தில் பல தூள்களை மாறி மாறித் தயாரிக்கும்போதே இக்கலப்படம் நிகழ்ந்துவிடலாம். களைப்பைப் போக்கும் என்று பல பொருட்களைக் கலந்து விற்கும் தூள்களில் ஆபத்து கூடுதலானது.

விளையாட்டுச் சட்டத்தில் அறியாமை மன்னிப்பாகாது. வீரரின் உடலில் எது காணப்பட்டாலும் பொறுப்பு அவருடையதே. எமது நாட்டுக்கு இது புதிய பாடமன்று. 2011ஆம் ஆண்டு உலகக்கிண்ண கிரிக்கெட் போட்டியின்போது பெறப்பட்ட மாதிரியில் பிரெட்னிசோலோன் காணப்பட்டதால் தேசிய வீரர் உபுல் தரங்கவுக்கு மூன்று மாதத் தடை விதிக்கப்பட்டது. தோள்பட்டை உபாதைக்காக அவர் எடுத்த மூலிகை மருந்தே அதற்குக் காரணமாயிற்று. திறனை உயர்த்தும் நோக்கம் அவருக்கு இருக்கவில்லை என்பதை விசாரணை மன்றம் ஏற்றுக்கொண்டது. ஆயினும் தடை தடையே. 2013ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இலங்கையில் ஊக்கமருந்துத் தடுப்புக்கென ஒரு முகவரகம் அமைக்கப்பட்டுள்ளது. தேசிய மட்டத்துக்குச் செல்லக்கூடிய ஒரு மாணவன், நண்பன் கொடுத்த தூளைக் கரைத்துக் குடிப்பதால் தன் எதிர்காலத்தையே பணயம் வைக்கின்றான். சுயாதீன ஆய்வுகூடத்தில் தொகுதி தொகுதியாகச் சோதிக்கப்பட்டமைக்கான முத்திரை இல்லாத எந்தத் தூளையும் போட்டியாளர்கள் தொடாதிருப்பதே பாதுகாப்பு.

எமது சமையலறையில் இருப்பது

ஜப்பானியர் சூரையை அவித்து, புகையிட்டு, கல்லைப்போல் உலர்த்தி வைத்துச் சாறெடுக்கின்றனர். அதே சூரையை ஏறத்தாழ அதே முறையில் பதப்படுத்திய மாலைதீவுக்காரரின் மாசி எமது சம்பலிலும் கறியிலும் நெடுங்காலமாகச் சேர்ந்து வருகின்றது. 14ஆம் நூற்றாண்டில் அத்தீவுகளுக்குச் சென்ற இபுன் பதூதாவும் இந்த மீனைப் பற்றிக் குறிப்பிட்டுள்ளார். பிள்ளை பெற்ற தாய்க்குப் பால்சுறாவும், காய்ச்சலில் எழுந்தவனுக்குச் சிறுமீன் சொதியும் கொடுத்த எமது முன்னோர், மீனின் தேற்றும் குணத்தை ஆய்வுகூடமின்றியே உணர்ந்திருந்தனர். மாசியில் அற்புத மருந்து இருப்பதாக நாம் கூறவரவில்லை. அதில் உப்பும் உண்டு. செறிந்த புரதமுள்ள நல்ல உணவு அது என்றே கூறுகின்றோம்.

பயிற்சி முடிந்த பிள்ளைக்கு முதலில் வேண்டியது நீரும் மாச்சத்தும் ஆகும். தீர்ந்துபோன கிளைக்கோஜனை மீன் எண்ணெய் நிரப்பாது. சோறும் புட்டும் வாழைப்பழமுமே நிரப்பும். அதனோடு 20 முதல் 25 கிராம் வரையான புரதம் சேர வேண்டும். சமைத்த சூரை மீன் 100 கிராமில் அந்த அளவு தாராளமாக உண்டு. அதன்பின் எட்டு, ஒன்பது மணி நேர நித்திரை. அதிகாலைப் பயிற்சி, பாடசாலை, தனியார் வகுப்பு, இரவுப் படிப்பு என்று ஓடும் பிள்ளையின் களைப்புக்குக் குளிசை தேடுமுன் அவனது நேர அட்டவணையைப் பார்ப்பதே பொருத்தமானது.

இவ்விடயத்தில் பெற்றோரை மட்டும் குறைகூறிப் பயனில்லை. மாணவர் விளையாட்டில் வெற்றி பெற வேண்டுமென விரும்பும் பாடசாலைகள், பயிற்றுநர்கள் மூலம் போசணை பற்றிய ஒரு மணி நேர விளக்கத்தையாவது பருவத் தொடக்கத்தில் வழங்க வேண்டும். பயிற்றுநர்கள் எந்தப் பண்டத்தையும் மாணவருக்கு விற்கவோ பரிந்துரைக்கவோ கூடாது என்பது விதியாக்கப்பட வேண்டும். களைப்பு நீடிக்கும் பிள்ளை மருந்தகத்துக்கு அல்ல, வைத்தியரிடமே அழைத்துச் செல்லப்பட வேண்டும். மீனைக் குளிசையாக்கி விற்பவர்கள் விற்கட்டும். ஆனால் மீன் சந்தைக்குப் போக வேண்டிய பணம் புட்டிக்குப் போய், பிள்ளையின் கோப்பையில் மீன் குறைந்துபோகும் நிலை எந்த வீட்டிலும் வரலாகாது என்பதே எமது வேண்டுகோளாகும்.